கணேஷ் வராத கதைகள்

சுஜாதாவை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன் என்று சொல்பவரிடம் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர் நினைவில் முதலில் வந்து நிற்பது துப்பறியும் லாயர்களான கணேஷும் வஸந்தும்தான். 'கொலையுதிர் காலம்' என்பார், 'நிர்வாண நகரம்' என்பார், 'ப்ரியா' என்பார். 'கரையெல்லாம் செண்பகப்பூ' பற்றிக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல கணேஷ் வரமாட்டானே" என்பார். அந்த 'ஆனா'வுக்குள் இருக்கும் மனக்குறை என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

புதுச்சேரியிலிருந்து இதை எழுதுவதில் ஒரு வசதி உண்டு. 1827இல் தொடங்கி இன்று ரோமன் ரோலான் பெயரில் இயங்கும் பொது நூலகமும், அதற்கு ஓராண்டு மூத்த பிரெஞ்சு லிசே பள்ளியும் உள்ள ஊர் இது. தமிழ்த் துப்பறியும் கதையையும் பிரெஞ்சுத் துப்பறியும் கதையையும் ஒரே ஆள் படித்திருப்பது இங்கே அதிசயமில்லை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணிமணிக் குவியல்களுக்கு நடுவே பழைய மாலைமதியும் கிடைக்கும், அட்டை கிழிந்த பிரெஞ்சு நாவலும் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது 1908இல். துப்பறியும் கோவிந்தன் தமிழ் வாசகரின் செல்லப்பிள்ளையாகத் தொடங்கிய அதே ஆண்டில்தான் பாரதி பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிப் புதுவைக்கு வந்து சேர்ந்தார். எல்லை தாண்டிய தமிழகத்தில் துப்பறிபவன் கதாநாயகன்; இங்கேயோ அவன் பாரதி, அரவிந்தர், வ.வே.சு. ஐயர் வீடுகளை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த உளவாளி. இதிலிருந்து பெரிய கோட்பாடு எதையும் உருவாக்கப் போவதில்லை. துப்பறிபவன் நம் பக்கத்து ஆள் என்ற நம்பிக்கையும் கதாசிரியர்கள் உழைத்து உண்டாக்கியதுதான் என்று காட்டவே சொன்னேன்.

அப்படி உழைத்தவர்கள் ஏராளம். வடுவூர் துரைசாமி ஐயங்காருக்குத் திகம்பர சாமியார், தேவனுக்குச் சாம்பு, தமிழ்வாணனுக்குச் சங்கர்லால். பிறகு ராஜேஷ்குமாருக்கு விவேக், பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்–சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்–வைஜயந்தி. இவர்கள் எல்லோரும் வாசகருக்குக் கொடுத்தது ஓர் உத்தரவாதம். எத்தனை பிணம் விழுந்தாலும் சங்கர்லால் சாகமாட்டார். முடிச்சு அவிழும். அவிழ்த்தவர் தேநீர் குடிப்பார். நடுவில் வரும் பயமெல்லாம் இந்தக் காவலுக்குள் நின்று படும் பயம்.

கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் வந்தபோது அவ்வளவு பெரிய ஆள் இல்லை. வஸந்த் அப்போது இல்லவே இல்லை. வஸந்த் பிற்பாடு சேர்ந்த பிறகுதான் உத்தரவாதத்தோடு இன்னொன்றும் கிடைத்தது: பேச்சுத் துணை. சீனியரின் நிதானம், ஜூனியரின் வாய்த்துடுக்கு, முடிவு சொல்லாமல் விடும் ஜோக்குகள். ஜெயராஜின் ஓவியங்களில் அவர்கள் தலைமுடியும் காலர் அளவும்கூட வாசகருக்கு மனப்பாடம். இந்தக் கூட்டணி வாரா வாரம் வீட்டுக்கு வந்து போகும் உறவாகவே ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட எழுத்தாளர் ஆனந்த விகடனில் 'கரையெல்லாம் செண்பகப்பூ' எழுதுகிறார். நாட்டுப்பாடல்கள் சேகரிக்க ஒரு கிராமத்துக்குப் போகிறான் கல்யாணராமன். பழைய ஜமீன் வீடு, இரவில் சத்தம், வெள்ளி என்ற கிராமத்துப் பெண், பட்டணத்திலிருந்து வந்து இறங்கும் சினேகலதா, அப்புறம் கொலை. மர்மக் கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறது. லாயர் மட்டும் இல்லை. கல்யாணராமனுக்குச் சட்டம் தெரியாது, போலீசில் ஆள் தெரியாது, தன் மனசே சரியாகத் தெரியாது. அவன் சந்தேகப்படும் ஆள்தான் குற்றவாளியா என்று நாமும் நம்ப முடியாது. கணேஷ் ஒருவரைச் சந்தேகித்தால் அது துப்பு. கல்யாணராமன் சந்தேகித்தால் அது வெறும் பதற்றம்.

என் கணிப்பில் சுஜாதாவின் மர்மக் கதைகளில் பயம் உண்மையாக வேலை செய்வது இங்கேதான். 'கொலையுதிர் காலம்' புகழ்பெற்றது; அதில் விஞ்ஞானமா அமானுஷ்யமா என்ற விவாதம் இன்றும் வாசகர்களிடையே ஓயவில்லை. ஆனால் அந்த விவாதமே கணேஷ் ஒரு பக்கம், வஸந்த் ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டது. வாசகர் ஏதாவது ஒரு தோளில் சாய்ந்துகொள்ளலாம். செண்பகப்பூவில் சாய்வதற்குத் தோள் இல்லை. வாசகர்கள் குறையாகச் சொல்வதும் நான் சிறப்பாகச் சொல்வதும் ஒன்றே. 1981இல் ஜி. என். ரங்கராஜன் இயக்கத்தில் பிரதாப் போத்தன் நடித்துப் படமாக வந்தபோதும் அந்த நாயகனின் கையாலாகாத்தனம்தான் கதையைத் தாங்கியது.

வெளிநாட்டு வாசகரோடு தமிழ் வாசகரை ஒப்பிடும்போது கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் தனி நாவல் எழுதும் துப்பறியும் எழுத்தாளர், வாசகரைக் கடைக்கு வரவழைத்துப் புதிதாகக் காசு கொடுக்க வைக்க வேண்டும். அகதா கிறிஸ்டி 1939இல் பொய்ரோவும் இல்லாமல் மிஸ் மார்பிளும் இல்லாமல் ஒரு தீவில் பத்துப் பேரை அடைத்த நாவல் அப்படி வென்றது. பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. (எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் சாயல் தெரியும்.) தமிழில் நிலைமை வேறு. வாசகர் வாங்கியது விகடனை அல்லது குமுதத்தை. சிரிப்புத் துணுக்கும் சினிமாச் செய்தியும் சேர்த்து அவர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார். கணேஷ் வராவிட்டாலும் கதை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. முதல் வாரம் முணுமுணுத்தவர் நாலாம் வாரம் பக்கங்களைக் கிழித்து எடுத்து வைப்பார், முடிந்ததும் பைண்டு செய்வார். தனி நாவலுக்குத் தமிழ்ப் பத்திரிகை கொடுத்த இந்தச் சலுகை சாதாரணமானதல்ல. சுஜாதா அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால் வாரத் தொடரில் வாசகரின் கோபமும் கதை முடியும்வரை காத்திருக்காது. 1857 பின்னணியில் குமுதத்தில் அவர் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' ஒரு சாதியினரின் கடும் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே நின்றது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு தலைப்பில், மாற்றங்களோடு எழுதி முடித்தார். அங்கே வாசகரின் எதிர்வினை விமர்சனம் என்ற எல்லையைத் தாண்டி ஆசிரியரின் மேசைக்கே வந்துவிட்டது. கணேஷ்–வஸந்த் கதை எதற்கும் இப்படி நேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. பழகிய முகங்கள் சொன்னால் வாசகர் பொறுத்துக்கொள்வார் என்பது காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். வரலாறும் சாதியும் தொட்டால் சுடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மாத நாவல்களின் கதை சுருக்கமானது. ஜி. அசோகனின் 'க்ரைம் நாவல்' போன்ற இதழ்களில் அட்டையில் பெரிதாக இருந்தது ராஜேஷ்குமாரின் பெயர். விவேக் பல நாவல்களில் பாதிக்கு மேல்தான் தலைகாட்டுவார், சிலவற்றில் வரவே மாட்டார். இரண்டு தடங்களில் ஓடும் கதை கடைசியில் எங்கே முட்டும் என்பதே வாசகரின் பந்தயம். அங்கே எழுத்தாளரே தொடர் பாத்திரம். அதனால் விவேக் இல்லாத குறை பெரிதாகப் பேசப்படவில்லை. முட்டும் இடம் அவசரமாக முடிந்துவிட்டதா என்பதுதான் பேச்சு.

பிரெஞ்சுப் பக்கம் ஜார்ஜ் சிமெனோன், தொடர் நாயகனை வாசகர்கள் விடமாட்டார்கள் என்ற இந்தப் பிரச்சினையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். 1931இல் வெளிவரத் தொடங்கிய, கமிஷனர் மெக்ரே துப்பறியும் நாவல்கள் அவருக்குப் பணமும் பெயரும் கொடுத்தன. 1934இலேயே மெக்ரேவை ஓய்வுக்கு அனுப்பிப் பார்த்தார். போர்க்காலத்தில் திரும்பக் கூட்டி வந்தார். கடைசியில் மெக்ரே நாவல்கள் 75 ஆயின. மெக்ரே இல்லாத நாவல்கள் அதைவிட அதிகம். அவர் உயர்வாக மதித்ததும் அவற்றைத்தான். 1942இல் வந்த 'விதவை கூதெர்க்' அவற்றில் ஒன்று. அதே ஆண்டு வெளிவந்தது காம்யுவின் 'அந்நியன்', வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் தமிழர்கள் அறிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சிமெனோனுக்கு அதிக மதிப்பெண் போட்டவர் ஆந்த்ரே ஜீது. வாசகர்களின் ஓட்டு என்னவோ பைப் புகைக்கும் அந்தக் கமிஷனருக்குத்தான்.

அண்மை உதாரணம் ஹார்லன் கோபன். மைரன் பொலிடார் வரும் ஏழு நாவல்களுக்குப் பிறகு 2001இல், அவன் இல்லாமல் 'டெல் நோ ஒன்' எழுதினார். கொலையுண்ட மனைவி உயிரோடு இருப்பதாக ஒரு மருத்துவருக்கு எட்டு ஆண்டு கழித்துத் தகவல் வருகிறது. அதுவரை இருந்த வாசகர் கூட்டம் பல மடங்கானது இந்த நாவலால். கிய்யோம் கனே 2006இல் அதைப் பிரெஞ்சில் படமாக்கி நான்கு சேசார் விருதுகள் பெற வைத்தார். பழைய வாசகர்கள் சும்மா இருந்தார்களா? 2006இல் பொலிடார் திரும்பி வந்துவிட்டான்.

சுஜாதாவும் தன் வழியில் விட்டுக்கொடுத்தார். 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை' ராஜராஜ சோழன் காலத்தில் நடக்கிறது. கோர்ட் இல்லை, கார் இல்லை, ஜோக் சொல்ல நவீனத் தமிழும் இல்லை. ஆனாலும் வசந்தகுமாரன் என்ற வாயாடி இளைஞனும் கணேச பட்டர் என்ற நிதானஸ்தரும் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு பின்னால் போனாலும் அந்த இருவரைக் கழற்றிவிட வாசகர்கள் அனுமதிக்கவில்லை, அல்லது அவருக்கே மனம் வரவில்லை.

2008இல் அவர் மறைந்தபின் அந்தத் தொடர்கதைகள் புத்தகங்களாக மட்டுமே இளைஞர்களுக்குக் கிடைக்கின்றன. விகடனோடு இலவசமாக வந்து சேர்ந்த செண்பகப்பூ இப்போது அலமாரியில் 'கொலையுதிர் கால'த்துக்குப் பக்கத்தில் நின்று போட்டியிட வேண்டியிருக்கிறது. கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கல்லூரி மாணவர் எதை எடுப்பார் என்பது தெரிந்ததே. என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் மற்றதைத்தான் சொல்லிவருகிறேன். படித்துவிட்டு வந்து, கணேஷ் இருந்திருந்தால் பத்தாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்திருப்பான் என்று சண்டை போடுகிறார்கள்.