அறிவிப்பு யாருக்கு?

மேட்டூரில் உபரிநீர் திறந்தால், திருச்சியிலும் திருவரங்கத்திலும் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வரும்: “ஆற்றில் இறங்காதீர்!” கேட்டவர் எவருக்கும் புரியும்.

இணையவழி அலுவலக மென்பொருளின் மாற்ற அறிவிப்புகள் அப்படியா? ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லையே அனுப்பும் பழைய மின்னஞ்சல் இணைப்பு, திருட்டுக்கு இடம் தருவது. அதை நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் 2019-இல் அறிவித்தது. 2022 அக்டோபரில் நிறுத்தத் தொடங்கியது.

அவகாசம் தாராளமே. ஆனால் இத்தகைய அறிவிப்புகள் நிர்வாகியின் பக்கத்திற்கே செல்கின்றன. துவாக்குடியின் சிறு பட்டறையில் நிர்வாகி யார்? கணக்கராக இருக்கலாம், மென்பொருளை விற்றுச் சென்றவராகவும் இருக்கலாம்! அஞ்சல் நின்ற பிறகே காரணம் தேடுவர்.

மாணவர்களே, நாளை இப்பணியை நீங்கள் ஏற்றால், அறிவிப்பு உரிமையாளருக்கும் சேருமாறு அமையுங்கள். என்ன மாறுகிறது, என்றைக்கு, நாம் செய்யவேண்டியது என்ன என்று தமிழில் மூன்றே வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.