விலை ஏறினால் ஒலியும் ஏறுமா?

எட்டிமோட்டிக் இஆர்4எஸ்ஆர் (2016), ஒற்றை பேலன்ஸ்டு ஆர்மச்சர். சென்ஹைசர் ஐஇ 900 (2021), ஒற்றை 7 மி.மீ. டைனமிக் டிரைவர்; அறிமுக விலை மூன்று மடங்குக்கும் மேல். ஒரு வாரம் மாத்தி மாத்திக் கேட்டேன்.

முதல் நாள் சென்ஹைசர்தான் ஜெயித்தது. மிருதங்கத்தின் கும்கி வயித்துல இறங்குச்சு. அப்புறம்தான் கவனிச்சேன்: அது கொஞ்சம் சத்தமா ஒலிச்சிருக்கு. சத்தம் கூடினாலே 'நல்லாருக்கு'ன்னு மூளை நம்பிடும். ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்ததும் வித்தியாசம் பாதியாச்சு. குரல் தெளிவில் எட்டிமோட்டிக் முந்தியது; கும்கி மட்டும் சென்ஹைசர் பக்கமே நின்னுச்சு.

அதே சென்ஹைசரில் ரப்பர் முனை சரியா அடைக்கலைன்னா அந்தக் கும்கியும் காணாமப் போகுது. அதனால, புதுசு வாங்கும் முன் இருக்கிறதுக்கு வேற முனை மாட்டிப் பாருங்க.