சம்மதம் என்னும் சொல்: வளாக விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

அண்மைக் காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே பாலியல் வன்முறைக்கு எதிரான விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும், தன்பாலீர்ப்பு உடையோரையும் திருநரையும் வளாக வாழ்விலே சமமானோராக ஏற்றுக்கொள்ள வேண்டுமென வற்புறுத்தும் நிகழ்ச்சிகளும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. கருத்தரங்கு, சுவரொட்டி, வீதி நாடகம் எனப் பல வடிவங்களில் அவை நிகழ்கின்றன. நிருவாகத்தினர் அவற்றை நவீனத்துவத்தின் அடையாளமாகக் கருதி வரவேற்பதுண்டு. இடதுசாரி மாணவ இயக்கத்தவருள் ஒரு சாரார் அரசு சாரா நிறுவனங்களின் இறக்குமதிச் சரக்கென ஒதுக்குவதுமுண்டு. இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டனவாகத் தோன்றினும் ஒரு விடயத்திலே ஒன்றுபடுகின்றன. அந்நிகழ்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதை இரு சாராரும் ஊன்றிப் படிப்பதில்லை. ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பது போன்று அவற்றின் மொழியை வாசிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிலே சொற்களைப் பற்றிச் சில கூறல் தகும். 'கற்பழிப்பு' என்ற சொல் வழக்கொழிந்து 'பாலியல் வல்லுறவு' என்பது நிலைபெற்று வருவது வெறும் நாகரிக மாற்றமன்று. முன்னைய சொல், குற்றம் இழைத்தவனை விட்டுவிட்டுப் பெண்ணின் கற்பைப் பொருளாக்கியது. அது உடைமைச் சமுதாயத்தின் சொல். அவ்வாறே 'ஓரினச் சேர்க்கை' என்பது ஒரு மனிதரைச் செயலொன்றாகச் சுருக்குவது; 'தன்பாலீர்ப்பு' என்பது அவரது உணர்வு வாழ்வையும் உள்ளடக்குவது. தமிழகத்திலே 2021 இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கிலே பிறப்பித்த ஆணைகளின் தொடர்ச்சியாக, 2022 இல் இத்தகைய சொற்களின் பட்டியலொன்று அரசிதழிலே வெளியாயிற்று. நீதிமன்றத்தின் வற்புறுத்தலினாலே தமிழுக்குச் சொற்பட்டியல் உருவானமை நமது மொழித்துறையினர் சற்றே நாணவேண்டிய செய்தி.

இந்நிகழ்ச்சிகளின் மையச்சொல் 'சம்மதம்' என்பதாகும். இருவர் தத்தம் விருப்பின்படி உடன்பட்டாலன்றி உறவு இல்லை என்பது அதன் பொருள். இக்கோட்பாட்டைப் பழந்தமிழிலே காணும் ஆர்வம் சில உரைகளிலே வெளிப்படுகின்றது. அன்பின் ஐந்திணை ஒத்த அன்பின்பாற்பட்டது, ஆகவே நம் முன்னோர் சம்மதத்தை அறிந்திருந்தனர் என்பர். தொல்காப்பியர் ஆண்மை திரிந்தோரை உயர்திணையுள் வைத்தார், ஆகவே அவர்களை ஏற்றிருந்தனர் என்றும் கூறுவர். இரண்டும் முற்றாகப் பொய்யல்ல. ஆயினும் கிளவியாக்கத்தின் அவ்விதியை முழுமையாக நோக்குமிடத்து, அவர்களைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கெனப் பாலுணர்த்தும் ஈறு இல்லையென்றும், ஏனைய உயர்திணைப் பால்களின் ஈறுகளையே அவை ஏற்குமென்றும் கூறப்படுதலைக் காணலாம். வீட்டுக்குள் இடம் உண்டு, தமக்கென ஒரு பாய் இல்லை என்பது போன்ற ஏற்பு இது.

அகத்திணையியலிலோ இதனினும் முக்கியமானதொரு விதி உளது. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் பிறர் ஏவிய தொழில் செய்வோரும், ஐந்திணைக்குப் புறமான கைக்கிளை பெருந்திணைகளுக்கே உரியோராகின்றனர். ஏன் என்பதற்கு இளம்பூரணர் காரணங் கூறுகிறார். அறமும் பொருளும் இன்பமும் வழுவாது ஒழுகுதல் பிறர்க்குக் குற்றேவல் செய்வார்க்கு அரிது என்பது அவர் கருத்து. அத்தகையோர் நாணம் குறைந்தவர் என்றும் அவர் சேர்க்கின்றார். இரண்டாவது காரணம் உரையாசிரியரது வர்க்கத்தின் குரல். முதலாவதோ, தம்மை அறியாமலே அவர் கூறிய உண்மை. தன் நாளும் தன் உடலும் தன் வசம் இல்லாதவர்க்கு ஒத்த அன்பு எளிதிலே வாய்ப்பதன்று. சம்மதம் என்பதற்குப் பொருளாதார நிபந்தனை ஒன்று உண்டென்பதைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட உரையொன்று இவ்வாறு ஒப்புக்கொள்ள, நமது சுவரொட்டிகள் அதனைக் கூறாது விடுகின்றன.

இவ்விடத்திலே பேராதனையை விட்டுச் சிறிது தூரம் செல்வது அவசியமாகின்றது. பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலகா வீதியிலே மேலேறிச் சென்றால் கலகா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட என்னும் தோட்டப் பிரதேசங்களை அடையலாம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியிலேயே உள்ளது. இலங்கைத் தேயிலையின் வரலாறு தொடங்கிய இம்மண்ணிலே, ஒரு நாளின் முழுக் கூலிக்குரிய வேலையைப் 'பேர்' என்று வழங்குவர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. பேர் போடுபவர் கங்காணியும் கணக்கப்பிள்ளையும். போடப்படுபவர் பெரும்பாலும் பெண். தனது பெயரே அன்றைய கூலியாகி, அதனை எழுதும் பென்சில் இன்னொருவன் கையில் இருக்கும்போது, அவனுடைய சீண்டலுக்கு அவள் 'இல்லை' எனச் சொல்வதன் விலை எத்துணை என்பதை எந்தச் சம்மதப் பட்டறையும் கணக்கிட்டுக் காட்டுவதில்லை.

மலையகப் புனைகதை இதனை அறியாததன்று. மேலதிகாரியின் பாலியல் அதிகாரம் அதிலே மீண்டும் மீண்டும் வரும் பொருளாகும். ஆயினும் அக்கதைகள் பலவற்றில் பெண்ணின் உடல் நிருவாகத்துக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக மட்டுமே பயன்படுகின்றது. குற்றவாளி துரையாகவோ கணக்கப்பிள்ளையாகவோ இருக்கும்வரை பேனா தயங்குவதில்லை. அவன் லயத்துக்குள்ளேயே, அதே தொழிற்சங்கத்தின் உறுப்பினனாக இருக்கும்போது கதை மௌனமாகிவிடுகிறது. வர்க்க ஒற்றுமை குலையுமே என்ற அச்சம் இம்மௌனத்தின் பின்னணியில் உண்டு. 1986 இல் சித்திரலேகா மௌனகுரு தொகுக்க யாழ்ப்பாணத்திலே வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' இத்தகைய மௌனத்தைக் கவிதையில் உடைத்த தொகுதி. அதனை முற்போக்கு விமரிசனம் வரவேற்றது உண்மையே. எனினும் அது எழுப்பிய வினாவைத் தன் சொந்த வீட்டுக்குள் எடுத்துச் செல்லவில்லை.

அவ்வீடுகளுள் ஒன்று பல்கலைக்கழகம். ஹேவாஹெட்டயின் லயமொன்றிலிருந்து பெரும் இடர்களுக்கு மத்தியிலே படித்து வளாகத்துக்கு வரும் மாணவியோ மாணவனோ முதலில் எதிர்கொள்வது பகிடிவதையை. இச்சொல்லின் கூட்டே ஆராயத்தக்கது: பகிடி, வதையை மறைக்கிறது. பகிடிவதைக்கு வழங்கப்படும் நியாயம் இடதுசாரிச் சொற்களினாலே ஆனது. செல்வந்தரின் பிள்ளையும் ஏழையின் பிள்ளையும் முதல் வாரத்திலேயே சமனாக்கப்படுகின்றனர், ஆங்கிலம் பேசுவோரின் திமிர் அடக்கப்படுகின்றது என்பர். இதனை நாம் கடுமையாகவே மறுக்க வேண்டியுள்ளது. உற்பத்திச் சாதனங்களின் உடைமையில் ஓர் இம்மியளவும் மாற்றம் செய்யாது, ஆடையையும் நடையையும் குரலையும் மாத்திரம் ஒரே அச்சில் வார்ப்பது சமத்துவமன்று. அதிலே உண்மையில் நிகழ்வது மூத்தோருக்கு இளையோர் மீது ஓர் ஆண்டுக்கான உடைமையுரிமை வழங்கப்படுதலாகும். பட்டப்பெயர் இடுதல் இதன் ஓர் அங்கம். தோட்டத்திலே பேர் போடும் அதிகாரம் கங்காணியிடம் இருந்தது. இங்கே அது சிரேஷ்ட மாணவனிடம். அப்பெயர் பல வேளைகளிலே ஆபாசமானதாய் இருப்பதும் தற்செயலன்று.

பகிடிவதை பால்நிலை ஒழுங்கைக் காக்கும் காவலுமாகும். பெண்ணியல்பு உள்ளவனெனக் கருதப்படும் மாணவனும், அடக்கமற்றவளெனக் கருதப்படும் மாணவியும் அதன் முதல் இலக்குகள். 1975 இல் பேராதனையிலே விவசாய பீட மாணவியொருத்தி பகிடிவதையிலிருந்து தப்பும் பொருட்டு இராமநாதன் விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்து உடல் செயலிழந்தாள்; 2002 இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். 1997 இல் அதே வளாகத்தின் பொறியியல் பீடத் தமிழ் மாணவரொருவர் வதைக்குள்ளாகிச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டிலே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பகிடிவதையின்போது பாலியல் துன்புறுத்தல் புரிவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என அச்சட்டம் தனித்தே விதித்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. பகிடிவதையும் பாலியல் வன்முறையும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள் என்பதைச் சட்டம் வரைந்தோர் அன்றே கண்டுகொண்டனர். விழிப்புணர்வு நிகழ்ச்சிகளோ இரண்டையும் வெவ்வேறு வாரங்களுக்குப் பிரித்து வைத்துள்ளன. 2022 இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்ட ஆய்வு, மாணவரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் ஏதோவொரு வகைப் பகிடிவதைக்கு ஆளானதைக் காட்டியது. நவம்பரிலே செம்மஞ்சள் நாடா அணிந்து நிற்கும் மாணவத் தலைவரே புதுமுகத்தார் வந்ததும் விடுதி வாயிலில் நிற்கக்கூடும். அந்நாடா அதற்குத் தடையாவதில்லை.

இனி, இவையெல்லாம் பூர்ஷ்வா சீரழிவு என்று ஒதுக்கும் தோழர்களுக்கு வரலாற்றைச் சற்றே நினைவூட்டல் வேண்டும். தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய ஜெர்மானியச் சட்டத்தின் 175 ஆம் பிரிவை நீக்குமாறு 1898 இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்திலே குரல் கொடுத்தவர் சோசலிசத் தலைவர் ஆகஸ்ட் பேபல். சோவியத் ருஷ்யாவின் 1922 ஆம் ஆண்டுக் குற்றவியற் கோவையிலே அக்குற்றம் இடம்பெறவில்லை. ஸ்டாலின் காலத்தில், 1934 இல், மீண்டும் நுழைக்கப்பட்டது. எந்த மரபைத் தமதெனக் கொள்வதென்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ளலாம். நவம்பர் 25 ஆம் திகதியும் அவ்வாறானதே. 1960 இல் அந்நாளில் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹீயோவின் ஆட்களாற் கொல்லப்பட்ட மிராபல் சகோதரிகள் மூவரின் நினைவாக, 1981 இல் இலத்தீன் அமெரிக்கப் பெண்ணியலாளர் அதனைத் தெரிந்தனர். சகோதரிகள் ஆட்சிக்கெதிரான இயக்கத்தவர். நமது சுவரொட்டிகளிலே திகதி உண்டு, சர்வாதிகாரி இல்லை.

நம் நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலும் இதற்கு முன்னுதாரணம் உளது. 1989 செப்டெம்பர் 21 ஆந் திகதி யாழ்ப்பாணத்திலே சுட்டுக்கொல்லப்பட்ட உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம, சக விரிவுரையாளர் மூவருடன் எழுதிய 'முறிந்த பனை'யிலே இந்திய அமைதிப்படையின் காலத்துப் பாலியல் வன்முறைகளைப் பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்கள் கொண்டு பதிவு செய்தார். எவ்வித அனுசரணையும் இன்றி, உயிரைப் பணயம் வைத்துச் செய்யப்பட்ட வேலை அது. அதே நூல் இயக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. தன் பக்கத்தவரைக் கேள்விக்குட்படுத்தும் அத்துணிவே இன்றைய நிகழ்ச்சிகளில் அருகிக் காணப்படுவது.

மற்றுமொரு குறைபாடு சட்டம் பற்றியது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் 345 ஆம் பிரிவினால் பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கியது. 'முறைப்பாடு செய்யுங்கள்' எனும் சுவரொட்டிகளின் ஆதாரம் அதுவே. ஆனால் அதே திருத்தம், அதுவரை ஆண்களை மட்டுமே சுட்டிய 365அ பிரிவைப் பெண்களையும் உட்படுத்துமாறு விரித்தது. ஒரு கையாற் பாதுகாப்பும் மறு கையால் விலங்கும் ஒரே நாளில் வழங்கப்பட்டன. அப்பிரிவை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தும், அது நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. வல்லுறவுக்கு ஆளான தன்பாலீர்ப்பு மாணவனொருவன் முறைப்பாட்டுடன் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றால், அவனே சந்தேக நபராக மாறும் அபாயம் இங்கிருந்தே பிறக்கின்றது. இதனைச் சொல்லாது வானவில் வரைந்து 'துணிந்து வெளிப்படுங்கள்' என்பது பொறுப்பற்ற அறிவுரை.

வெளிப்படுதல் என்பதற்கும் ஓர் இடம் வேண்டும். ஷியாம் செல்வதுரையின் ஆங்கில நாவலான 'ஃபன்னி போய்' 1994 இல் வெளிவந்தது. தன்பாலீர்ப்புள்ள தமிழ்ச் சிறுவனொருவன் வளர்வதைச் சொல்லும் அந்நாவலின் களம் கொழும்பிலே வசதியான குடும்பமொன்றின் வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையிலே மூன்று தலைமுறை உறங்கும் குடும்பத்தவருக்கு மறைப்பதற்கும் அறை இல்லை, வெளிப்படுவதற்கும் வாசல் இல்லை. அத்தகைய ஒருவரது கதையைத் தமிழிலே எழுதுவதற்கு நாம் இன்னும் ஒரு வடிவத்தைக் கண்டடையவில்லை.

ஆகவே இந்நிகழ்ச்சிகளைக் கைவிட வேண்டுமென்பது நமது கருத்தன்று. அவற்றின் பாடத்திலே 1998 ஆம் ஆண்டுச் சட்டமும் 365அ பிரிவும் செக்ரோலும் இடம்பெற வேண்டுமென்றே கோருகின்றோம். அவை தெளிந்த தமிழில் விடுதிச் சுவர்களிலே ஒட்டப்பட வேண்டும். அவ்வாறு செய்யப்படின், ஹேவாஹெட்டயிலிருந்து வந்த மாணவி அதைப் படித்துவிட்டு முதலிலே கேட்கப்போவது, முறைப்பாட்டை வாங்கும் குழுவிலே யார் யார் அமர்ந்திருக்கின்றனர், அவர்களுள் எத்தனை பேருக்குத் தனது மொழி தெரியும் என்பதாகவே இருக்கும்.