ஊசுட்டேரியும் பார்க்கத் தெரிந்த கண்ணும்

காட்டுயிர் நோக்குதல் வேட்டையிலிருந்து பிறந்த கலை. மறைந்து நிற்பது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துக் கால் வைப்பது, மண்ணில் பதிந்த தடத்தைப் படிப்பது, ஒரு குரல் கேட்டதும் அது எந்த உயிர், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது எல்லாமே வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்த வித்தைகள். கடைசி ஓர் அடியில்தான் வழி பிரிகிறது. துப்பாக்கி உயர வேண்டிய கணத்தில் நோக்குபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பறவை தன் வேலையைத் தொடர்கிறது. அந்த வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்க்கக் கிடைப்பதே இந்தக் கலையின் பலன்.

தமிழில் நெடுநாள் ‘வனவிலங்கு’ என்றே எழுதிவந்தார்கள். சு. தியடோர் பாஸ்கரன் தம் கட்டுரைகளில் ‘காட்டுயிர்’ என்ற சொல்லை விடாமல் ஆண்டு அதை நிலைபெறச் செய்தார். விலங்கு என்றதும் நாலுகால் பிராணி மட்டுமே மனதில் எழும். காட்டுயிர் என்றால் பறவை, பாம்பு, தவளை, தட்டான், செடிகொடி எல்லாம் அடங்கும். புலியோ யானையோ இல்லாத ஊரிலும் காட்டுயிர் உண்டு என்று இந்தச் சொல் நினைவுபடுத்துகிறது. புதுச்சேரி அப்படிப்பட்ட ஊர்.

காட்டில் போய் மனம் தெளிந்ததாகச் சொல்லும் எழுத்து உலகெங்கும் ஆப்பிரிக்கப் புதர்க்காட்டைப் பற்றியே மிகுதியாக வந்திருக்கிறது. 1926இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தென்னாப்பிரிக்காவின் குரூகர், கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி ஆகியவை அந்த எழுத்தின் புண்ணியத் தலங்கள். அந்த எழுத்துகளுள் நல்லவற்றை எடுத்துப் படித்தால் சிங்கம் பாய்ந்த கதைக்கு அவற்றில் குறைந்த இடமே இருக்கும். தண்ணீர்க் குட்டையோரம் அசையாமல் உட்கார்ந்திருந்த நீண்ட பகல்களே அதிகம் பேசப்படும். எது வரும், எப்போது வரும் என்பது மனிதர் கையில் இல்லாத ஓர் இடத்தில் காத்திருக்கும்போது மனம் தன் பரபரப்பை விட்டு இறங்குகிறது. அந்தக் காத்திருப்புக்கு வேண்டியது ஒரு நீர்நிலையும் ஒரு காலைப் பொழுதும். இரண்டும் புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டரில் கிடைக்கின்றன.

ஊசுட்டேரி, மனிதர் வெட்டிய பாசன ஏரி. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்பு. ஏரி புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்து கிடக்கிறது. செஞ்சி ஆறு என்றும் பெயர்பெற்ற சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. புதுச்சேரி அரசு 2008இல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழக அரசும் தன் பகுதியை அறிவித்தது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதும் பறவைகளின் வரத்து தொடங்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து இறங்குகின்றன. கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் பார்த்து ஏரிவிட்டு ஏரி மாறுபவை.

பறவைகளின் பெயர்ப்பட்டியலில் புதுச்சேரிக்குப் பழைய இடம் உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சோனரா தம் கீழைநாட்டுப் பயணங்களைப் பற்றிய நூலை 1782இல் பாரிசில் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த பறவைகளுக்கு ஜெர்மானிய அறிஞர் கிமெலின் 1789இல் லத்தீன் பெயர் சூட்டினார். நம் கரம்பு நிலங்களில் விடியற்காலையில் உரக்கக் கத்தும் கவுதாரியின் அறிவியல் பெயரில் அன்றுமுதல் ‘பாண்டிசெரியானஸ்’ என்ற ஒட்டு இருக்கிறது. மரக்கிளைகளில் பூச்சி தேடும் சிறிய சாம்பல் நிறக் காட்டுக்கீச்சான் ஒன்றும் அதே ஒட்டைச் சுமக்கிறது. நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் சோனராவின் பெயரே நிற்கிறது. 1816இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ செடிகளையும் உயிரினங்களையும் சேகரித்து பாரிசுக்கு அனுப்பினார். ஒரு பஞ்சுருட்டானும் ஒரு பழந்தின்னி வௌவாலும் அவர் பெயரால் அறியப்படுகின்றன. அந்தக் காலத்து இயற்கையியலாளர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் சுட்டு வீழ்த்தி, தோலுரித்து, பஞ்சடைத்த உடல்கள். நிறமும் அளவும் அவற்றில் இருந்தன. பறவை எப்படி நடந்தது, எதற்குப் பயந்தது, துணையை எப்படி அழைத்தது என்பதெல்லாம் இல்லை.

துப்பாக்கியிலிருந்து கண்ணுக்கு வந்த மாற்றத்தைப் புதுச்சேரியில் முதலில் எழுத்தில் பதித்தவர் ஒரு கவிஞர் என்று சொல்லலாம். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதி எழுதிய ‘குயில் பாட்டு’, நகருக்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள ஒரு மாந்தோப்பில் நடக்கிறது. அந்தத் தோப்பு சுற்றுவட்டாரத்து வேடர்கள் வந்து பறவை சுடும் இடம். வேடர் வராத ஒரு நாளில்தான் கவிஞருக்குக் குயிலின் பாட்டு கேட்கிறது. கதை அதன்பிறகு கற்பனை உலகுக்குப் போய்விடுகிறது என்றாலும், வேட்டை ஓய்ந்த நாளில்தான் பாட்டு வாய்க்கும் என்ற அந்தத் தொடக்கம் இந்தக் கலைக்கே பாயிரமாக வைக்கத் தக்கது. இதே மாற்றம் பறவையியலாளர் சாலிம் அலியின் வாழ்விலும் நடந்தது. சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய ஒரு மஞ்சள்தொண்டைச் சிட்டுதான் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தமிழர்களில் இந்தக் கலையின் பெரிய ஆசான் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இடைவிடாமல் பத்தி எழுதினார். தமிழிலும் கட்டுரைகள் எழுதினார், அவற்றுள் பலவற்றை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பில் படிக்கலாம். அவருடைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. யானையின் தோல் மடிப்பும் புள்ளிமானின் காது திரும்பும் கோணமும் அவற்றில் தெரிவதுபோல் இன்றைய வண்ணப் படங்கள் பலவற்றில் தெரிவதில்லை. காட்டு யானையைப் பார்த்த அதே கவனத்தோடு அவர் வீட்டுக் கொல்லைக்கு வரும் காகத்தையும் அணிலையும் பார்த்தார். நோக்குபவரின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண்ணோக்கி, சிறிய நோட்டு, பென்சில் போதும். பச்சை, பழுப்பு, சாம்பல் நிற உடை நல்லது; வெள்ளைச் சட்டை தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

முதல் பாடம் வெளிச்சம். ஏரியின் கிழக்குப் பக்கம் நிற்பவருக்குக் காலையில் சூரியன் முதுகில் இருக்கும். பறவைகள் மேல் ஒளி நேராக விழும். எதிர்ப்பக்கம் நின்றால் அதே பறவைகள் வெறும் கறுப்பு நிழல்கள். இரண்டாவது பாடம் நிற்றல். கரையில் ஆள் வந்ததும் தண்ணீரில் ஒரு விலகல் நடக்கும்: நாமக்கோழிகள் இறக்கையை அடித்தபடி நீர்மேல் தடதடவென ஓடி எழும், முக்குளிப்பான் மூழ்கி மறையும், மடையான் சடாரென வெள்ளைச் சிறகு விரித்து அப்பால் போய் உட்காரும். புதிதாக வருபவர் இத்துடன் பார்த்தாயிற்று என்று நடந்துவிடுவார். தேர்ந்தவர் அந்த இடத்திலேயே இருபது நிமிடம் நிற்பார். விலகல் அடங்கி, ஏரி தன் நடைக்குத் திரும்பும்போதுதான் பார்வை தொடங்குகிறது.

மூன்றாவது பாடம் ஒன்றோடு தங்குவது. பாம்புத்தாராவை எடுத்துக்கொள்ளலாம். நீந்தும்போது அதன் உடல் முழுதும் தண்ணீருக்குள் இருக்கும். மெலிந்த கழுத்து மட்டும் வெளியே தெரிவதால் பாம்பு நீந்துவதுபோலவே தோன்றும், பெயரும் அதனால்தான். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. பாம்புத்தாராவின் இறகு நனைந்து கனக்கும். மிதக்கும் தன்மை குறைவதால் அதற்கு மூழ்கி இரை தேடுவது எளிது. கழுத்தெலும்பில் இயல்பாகவே ஒரு மடிப்பு இருக்கிறது. அதை மடக்கி வைத்திருந்து வில்லிலிருந்து அம்பு போவதுபோல் நீட்டி, அலகால் மீனைக் குத்துகிறது. மேலே வந்து தலையை உதறி மீனை விடுவித்து, மேலே எறிந்து, தலைப்பக்கம் முதலில் போகும்படி பிடித்து விழுங்குகிறது. செதிலும் முள்ளும் தொண்டையில் சிக்காமலிருக்க அதுதான் வழி. சில நேரம் மீன் தவறிவிடும், பறவை மீண்டும் மூழ்கும். பிறகு பட்ட மரக்கிளையில் ஏறி இரு சிறகையும் விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும். சாலையில் போகிறவர்கள் பார்ப்பது இந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான். நனைந்த இறகின் காரணம் தெரிந்தவருக்கு அந்த விரித்த சிறகில் முழு வேட்டையும் தெரியும்.

நத்தைக்குத்தி நாரையும் அப்படித்தான். அதன் இரு அலகுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி நத்தையை உடைக்கும் பாக்குவெட்டி என்று பலர் நினைப்பார்கள். அது ஓட்டை உடைப்பதில்லை. அலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் நுழைத்து, சதையை ஓட்டிலிருந்து அறுத்து உருவி எடுக்கிறது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இல்லை. வளர்ந்த பிறகே வருகிறது. தாமரை, அல்லி இலைகள்மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியிடம் இன்னொரு வியப்பு: முட்டையிட்டதும் பெண் அடுத்த துணையைத் தேடிப் போகும், அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண். கரையோரத்து ஆள்காட்டி வெறும் தரையில், கூழாங்கல் நிற முட்டைகளை இடுகிறது. அதன் கத்தல் உச்சத்துக்குப் போகிறது என்றால் முட்டை அருகில் என்று பொருள். அங்கிருந்து காலடி பார்த்துப் பின்வாங்குவதே நாகரிகம்.

கண்ணுக்குப் படாத உயிரைத் தடத்தால் அறிவது இந்தக் கலையின் உச்சம். காலகாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் மணலைப் படிப்பதை உலகம் வியந்து எழுதியிருக்கிறது. தமிழகத்தின் வடகடற்கரை மாவட்டங்களில் வாழும் இருளர்களிடம் அதற்குச் சமமான ஞானம் இருக்கிறது. புழுதியில் விழுந்த வளைகோடு, பொந்து வாயில் மண் அழுந்தியிருக்கும் விதம், உரித்துப்போட்ட சட்டையின் செதில் ஆகியவற்றை வைத்து எந்தப் பாம்பு, எப்போது போனது, உள்ளே இருக்கிறதா என்று சொல்வார்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது; பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சைத் தருகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு மலைப்பாம்பு தேடிக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நூல் படித்து வந்த நோக்குநர்கள் இவர்களிடம் கற்க வேண்டியது இன்னும் நிறைய.

கலை பெருகும்போது பிழையும் பெருகுகிறது. ஒரு நல்ல படத்துக்காகக் கூட்டருகே நெருங்குகிறார்கள். பதிவுசெய்த குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கிறார்கள். போட்டிக்காரன் வந்துவிட்டான் என்று நம்பி அந்தப் பறவை இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அலைகிறது. அப்படிக் கிடைத்த படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பறித்தெடுத்த பொருளின் மதிப்புதான் அதற்கு. எத்தனை இனம் பார்த்தோம் என்ற எண்ணிக்கைப் போட்டியும் ரசனையைக் கெடுக்கிறது. ஒரே ஏரிக்கு ஐந்து ஆண்டு போனவருக்கு எந்த மாதம் எது வரும், எது இந்த ஆண்டு வரவில்லை என்று தெரியும். வராததைக் கவனிக்கத் தெரிந்தவரே ஓர் இடத்தை அறிந்தவர். ஏரிக்குத் தேவைப்படும் சாட்சிகளும் அவர்கள்தான்.

இப்படிப்பட்ட இடங்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டில் கடலோரத்துக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சத்தைக் காணலாம். சாமி காடு என்ற அச்சமே அதைக் காத்தது. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்த மாதிரிக் காடுகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி உவர்நீர் ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

வலசை வந்த வாத்துகள் வெயில் ஏறத் தொடங்கும் மார்ச்சில் கிளம்பிவிடும். ஊசுட்டேரிக்குப் போக நவம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். ஆண்டுதோறும் ஜனவரியில், பொங்கல் நாட்களில், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஏரிக்கரையிலோ வீட்டு மாடியிலோ கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை இனம்வாரியாக எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும். காகமும் மைனாவும் மட்டுமே கண்ணில் பட்டாலும் அந்தப் பட்டியலை அனுப்புங்கள். அதுவும் கணக்கில் சேரும்.