பில்ஹார்மோனிக் அரங்கு: ஒலியியலாளர் முன்பே வந்தும் தவறியது எங்கே?

இசையரங்கு கட்டுவோர் ஒலியியலாளரைத் தொடக்கத்திலேயே வடிவமைப்புக் குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை. அது சரியானதே, ஆனால் போதுமானதன்று. நியூயார்க் நகரின் லிங்கன் மையத்தில் 1962 செப்டம்பரில் திறக்கப்பட்ட பில்ஹார்மோனிக் அரங்கு இதற்குச் சான்று.

அரங்கின் கட்டடக் கலைஞர் மேக்ஸ் அப்ரமோவிட்ஸ். ஒலியியல் ஆலோசகர் லியோ பெரானெக். பெரானெக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர் அல்லர். உலகின் பல இசையரங்குகளை நேரில் ஆராய்ந்து, நல்ல அரங்குகளின் பண்புகளைத் தொகுத்த பிறகே அவர் பரிந்துரை வழங்கினார். பாஸ்டன் சிம்பொனி அரங்கைப் போன்ற செவ்வகப் பெட்டி வடிவம், ஏறத்தாழ 2,400 இருக்கைகள் என்பது அதன் சாரம்.

வரைபடம் உருவான பிறகு இருக்கைகள் போதாது என்ற எதிர்ப்பு செய்தித்தாள்களில் எழுந்தது. எண்ணிக்கை 2,600க்கு மேல் உயர்த்தப்பட்டது. பக்கச் சுவர்களின் வடிவமும் மாறியது. செலவைக் குறைக்க, ஒலியைச் சிதறடிக்கும் சுவர் அமைப்புகள் கைவிடப்பட்டன. மாறியவை இருக்கை எண்ணும் சுவரின் வளைவும் மட்டுமே எனத் திட்டக் குழுவினர் கருதியிருக்கலாம். ஒலியைப் பொறுத்தவரை அது வேறொரு அரங்கு.

பாஸ்டன் அரங்கிலும் 2,600 அளவில் இருக்கைகள் உள்ளனவே என்று கேட்கலாம். அவை 1900ஆம் ஆண்டின் குறுகலான இருக்கைகள். ஒலியை உறிஞ்சுவதில் தலைகளின் எண்ணிக்கையைவிட மக்கள் அமர்ந்திருக்கும் பரப்பே முக்கியம் என்பது பெரானெக்கின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதை அறிந்தவரே ஆலோசகராக இருந்தும் இருக்கைகள் கூடின என்பதே இக்கதையின் வேதனையான பகுதி.

திறப்புக்குப் பின் தாழ்சுரங்கள் எடுப்பாகக் கேட்கவில்லை என்றும், எதிரொலி வருகிறது என்றும், மேடையில் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்பதில்லை என்றும் குறைகள் எழுந்தன. மேலே தொங்கவிடப்பட்ட ஒலிதெறிப்புப் பலகைகள் அளவில் சிறியவை. அலைநீளம் மிகுந்த தாழ்சுரங்களை அவற்றால் திருப்பியனுப்ப இயலாது. இவ்வரங்கில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: இருக்கை வரிசைகளை உரசிச் செல்லும் ஒலியில் 150 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்கள் வலுவிழக்கின்றன. இது அன்று எவருக்கும் தெளிவாகத் தெரிந்திராத செய்தி. ஆகவே பழி முழுவதையும் இருக்கை கேட்டவர்கள் மீது சுமத்துவதும் நியாயமன்று; அறிவியலே அரைகுறையாக இருந்தது.

பல திருத்தங்கள் பயனளிக்காததால் 1976இல் சிரில் ஹாரிஸின் ஒலியியல் ஆலோசனையுடன் உட்புறம் முழுதும் இடித்துக் கட்டப்பட்டது. அதுவும் நிறைவளிக்கவில்லை. 2022இல், ஏறத்தாழ 55 கோடி டாலர் செலவில், டேவிட் கெஃபன் அரங்கு என்ற பெயரில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. மேடை 25 அடி முன்னே வந்தது. இருக்கைகள் 2,738இலிருந்து 2,200 ஆகக் குறைந்தன.

1963இல் திறக்கப்பட்ட பெர்லின் பில்ஹார்மோனி இங்கு ஒப்பிடத்தக்கது. இசைக்குழுவை அரங்கின் நடுவில் அமர்த்தும் எண்ணம் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷரூனுடையது. ஒலியியலாளர் லோதர் கிரெமர் முதலில் அதை ஐயத்துடனேயே பார்த்தார். ஆனால் அந்த ஐயம் வரைபடத்துக்குள்ளேயே வேலை செய்தது. பார்வையாளர்கள் திராட்சைத் தோட்டத்துப் படிகளைப் போன்ற தனித்தனித் தளங்களில் அமர்ந்தனர். தளங்களுக்கு இடைப்பட்ட குட்டைச் சுவர்கள் ஒலியை அருகிலிருந்தே தெறித்துக் கொடுத்தன. கூடாரம் போலத் தொய்ந்து இறங்கும் கூரை, ஒலி ஓரிடத்தில் குவியாமல் பரவச் செய்தது. கூரையை அழகுக்கு, ஒலிக்கு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் செலவைக் காட்டி ஒன்றை மட்டும் வெட்டியெறியவும் வழியில்லை.

பெர்லினிலும் குறையுண்டு. பாடகரின் முதுகுப்புறம் அமர்வோருக்குக் குரல் மங்கலாகவே கேட்கும். ஆனால் அது மேடையை நடுவில் வைக்கும் முடிவுக்குக் கொடுத்த விலை. பின்னால் நுழைந்த திருத்தத்தின் விளைவு அன்று.