சுவிங் கருவித்தொகுதி: ஒரு மதிப்பீடு

ஜாவா மொழியில் மேசைக் கணினிச் செயலிகளை ஆக்குவோர்க்கு, 1998ஆம் ஆண்டு ஜாவா 1.2 பதிப்போடு வாய்த்த கருவித்தொகுதி சுவிங் ஆகும். அதற்கு முற்பட்ட ஏ.டபிள்யூ.ரி. பொத்தான், பட்டியல் முதலியவற்றை இயங்குதளத்திடம் இரவல் பெற்றது. சுவிங்கோ அவற்றைத் தானே வரைந்தது. அதனால் எத்தளத்தும் ஒருமைப்பாடு வாய்த்தது. எத்தளத்தும் அந்நியத் தோற்றமும் உடன்வந்தது.

மந்தமானது என்னும் பழியும் இதன்மேல் சுமத்தப்பட்டது. அப்பழியிற் பெரும்பகுதி செயலியை ஆக்கியோர்க்கே உரியது. திரையை வரைவதும் பயனர் கட்டளையை ஏற்பதும் ஒரே நிகழ்விழையின் பணியாகும்; நெடிய கணக்கையும் அதன்மேல் ஏற்றினாற் சாளரம் உறைந்துவிடும். இதனைத் தவிர்க்கத் துணைபுரியும் சுவிங்வேர்க்கர் 2006இல், ஜாவா 6 பதிப்பிலேயே நூலகத்திற் சேர்ந்தது. இத்தாமதம் கருவியின் குற்றமே. ஆயினும் இன்ரெலிஜே ஐடியா போன்ற பெருஞ்செயலி சுவிங்கின்மேல் எழுந்து நிற்றலின், கருவியை இகழுமுன் அதனைக் கையாண்ட முறையை ஆராய்தல் வேண்டும்.