தக்கை அமிழும் நேரம்

ஒரு மூங்கில் கழி, சில முழம் நரம்பு, ஒரு முள், துளி ஈயம், மயிலிறகுத் தண்டில் நறுக்கிய தக்கை. ஏரிக்கரைத் தூண்டிலுக்கு இவ்வளவு போதும். நுட்பமெல்லாம் பொருத்தத்தில் இருக்கிறது. சிறு கெண்டைக்கு வாய் சிறிது. சின்ன முள்ளும் பிசைந்த மாவும் வேண்டும். கெளுத்தி தரையோரம் மேயும். மண்புழு அடிவரை இறங்க வேண்டும். விரால் வேட்டை மீன். தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து கவ்வும். அதற்குத் தடித்த நரம்பு.

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடிய புலவரின் பெயரே மீனெறி தூண்டிலார். யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில், மீனைச் சுண்டி இழுத்த தூண்டிலாய் நிமிர்வதை அவர் பாடினார். அந்தச் சுண்டல்தான் இன்றும் கலை. முந்தினால் இரை மட்டும் வரும். பிந்தினால் முள் வெறுமையாகும்.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள், கழியை அவர்கள் கையில் கொடுங்கள். தக்கை அமிழும்வரை பொறுக்கட்டும். செந்நிறக் குஞ்சுகளைக் காத்துத் திரியும் விராலை விட்டுவிடவும் கற்றுக்கொடுங்கள். அடுத்த ஆண்டும் ஏரியில் மீன் இருக்க வேண்டும்.